பாடநூலை எப்படிப் படிப்பது: திரும்பத் திரும்ப வாசிப்பதா, உருப்போடுவதா, மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பதா?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு–புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டியதும் மாணவர்களின் கையில் இருக்கும் பாடநூல் மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் ரெட்டிச்சாவடியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை தமிழ்நாடு அரசின் பாடநூலைப் படிக்கிறது. அந்தப் பக்கம் கன்னியக்கோயிலிலோ பாகூரிலோ அரசுப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை என்.சி.இ.ஆர்.டி. நூலைப் படிக்கிறது, புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 கல்வியாண்டு முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கியதன் விளைவு இது. நூல் வேறு, வினாத்தாள் வேறு. ஆனால் மாலையில் புத்தகத்தைத் திறந்து உட்காரும்போது இருவரும் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பது, முக்கியம் என்று தோன்றும் இடத்தில் ஹைலைட்டரால் கோடு போடுவது, பிறகு மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பது.

இருவருக்கும் கிடைக்கும் நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். பள்ளி முடிந்து, டியூஷன் முடிந்து, சாப்பிட்டுப் படுக்கும் முன் தனியாகப் படிக்க ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ மிஞ்சுகிறது. அந்த நேரத்தை எந்த முறைக்குக் கொடுப்பது என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. மஞ்சக்குப்பத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நான் இதற்கு ஓர் அளவுகோலை மட்டுமே ஏற்கிறேன்: படித்து ஒரு வாரம் கழிந்தபின், நூலைத் திறக்காமல், மாணவரால் எவ்வளவு சொல்லவோ எழுதவோ முடிகிறது? படித்து முடித்த அன்றிரவு எல்லா முறைகளும் பலன் தந்ததுபோலவே தோன்றும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, அதன்பின் திருப்புதல் தேர்வுகள், மார்ச்சில் பொதுத்தேர்வு என்று நீளும் ஆண்டில், ஜூலையில் நடத்திய பாடம் மார்ச்சில் நினைவுக்கு வர வேண்டும் என்பதால், அன்றிரவு தோன்றும் நிறைவை வைத்து எந்த முறையையும் எடைபோட முடியாது.

மிகப் பலர் தேர்ந்தெடுக்கும் திரும்பத் திரும்ப வாசித்தலை முதலில் பார்ப்போம். இதை அளந்து பார்த்த ஆய்வுகளில் எளிதில் விளங்கக்கூடியது, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகிய இருவரும் நடத்தி 2006-இல் வெளியிட்டதாகும். கல்லூரி மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றியும் கடல்நீர்நாய்களைப் பற்றியும் எழுதப்பட்ட சிறு பாடங்களைக் கொடுத்தார்கள். ஒரு குழுவினர் நான்கு தவணையிலும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். சராசரியாக ஒவ்வொருவரும் 14 முறை வாசித்துவிட்டார்கள். இன்னொரு குழுவினர் முதல் தவணையில் மட்டும் மூன்று நான்கு முறை வாசித்துவிட்டு, மீதி மூன்று தவணையிலும் தாளைப் பார்க்காமல் நினைவில் நின்றதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 விழுக்காடும், எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களிடம் நிலைமை தலைகீழாக இருந்தது: வாசித்தவர்கள் 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காடு. ஒரு வாரத்துக்குப் பிறகு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள், பின்னர் அதிகம் மறந்துபோன அந்த வாசிப்புக் குழுவினரே.

இந்தக் கடைசிச் செய்திதான் என்னை மிகவும் யோசிக்க வைப்பது. மூன்றாவது முறை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போய்க் கண் தடையின்றி ஓடுகிறது. அந்தப் பழக்கத்தை மாணவர் அறிவு என்று எடுத்துக்கொள்கிறார். தேர்வறையில் அந்த வரிகள் கண்ணெதிரே இருப்பதில்லை. 'எல்லாம் படிச்சேன், அங்க போனதும் மறந்துடுச்சு' என்று பிள்ளைகள் சொல்லும்போது அவர்கள் பொய் சொல்வதில்லை. படித்தது உண்மை, நூலின் துணையில்லாமல் அதை எடுத்துச் சொல்லும் பயிற்சி மட்டும் ஒருநாளும் நடக்கவில்லை. 'ஒழுங்கா படிச்சிருந்தா ஏன் மறக்கும்' என்று வீட்டில் திட்டுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்றே கருதுகிறேன், ஏனெனில் அது முன்னிலும் கூடுதலாக வாசிக்கத் தொடங்கும்; முறை மாறாது.

ஹைலைட்டரின் நிலையும் இதுதான். கெண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் மதிப்பிட்டபோது, கோடிடுதல், திரும்ப வாசித்தல், சுருக்கி எழுதுதல் ஆகியவற்றைக் குறைந்த பயன் உடையவை என்ற வரிசையில் வைத்தார்கள். உயர்ந்த பயன் உடையவை என்று அவர்கள் கண்டவை இரண்டே இரண்டு: தன்னைத்தானே சோதித்துக்கொள்ளுதல், படிப்பை நாட்கணக்கில் இடைவெளி விட்டுப் பரப்பிக்கொள்ளுதல். கோடு போட்டே ஆக வேண்டும் என்பவர், ஒரு பத்தியை முழுமையாக வாசித்து முடித்த பிறகு, அதில் ஒரே ஒரு சொற்றொடரை மட்டும் அடிக்கோடிடலாம். வாசிக்கும்போதே கோடிட்டால் பக்கம் முழுவதும் மஞ்சளாகிவிடும். எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதே தெரியாது.

இரண்டாவது முறை உருப்போடுதல். இதை இழிவாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. திருக்குறளும் செய்யுள் பகுதியும் அடிபிறழாமல் எழுத வேண்டியவை. மனப்பாடம் செய்யாமல் முடியாது. கணித வாய்பாடு, வேதியியல் குறியீடு, அலகுகள் ஆகியவையும் அப்படியே. அதோடு, நூலைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்வது என்ற அளவில் உருப்போடுதல் நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கும் பயிற்சியாகவே அமைகிறது, அதனால்தான் அது திரும்ப வாசிப்பதைவிட வலிமையானது. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கன் பயிலும் முறையைச் சொல்லும்போது 'பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல்' என்று சேர்த்தே சொல்கிறது. உடன் பயில்வோரோடு பழகுவதையும், 'வினாதல், வினாயவை விடுத்தல்' என்பவற்றையும் அதே நூற்பாவில் வைக்கிறது. பாடத்தைப் போற்றிக் காப்பதும், கேட்டதை நினைத்துப் பார்ப்பதும், கேள்வி கேட்பதும், கேட்ட கேள்விக்கு விடை சொல்வதும் ஒரே பயிற்சியின் உறுப்புகளாகவே அங்கே கருதப்பட்டிருக்கின்றன.

குறை எங்கே வருகிறது என்றால், ஐந்து மதிப்பெண் விடையைச் சொல்லுக்குச் சொல் உருப்போடும்போது வருகிறது. இரண்டாவது வரியின் முதல் சொல் தவறினால் அதன்பின் உள்ள அனைத்தும் சேர்ந்து போய்விடுகிறது. வினாவைச் சற்று மாற்றிக் கேட்டாலும் அந்த விடை உதவுவதில்லை. ஆகவே சொல் மாறக் கூடாதவற்றை உருப்போடலாம். காரணமும் வரிசையும் உள்ளவற்றை உருப்போடாமல் வேறு வழியில் படிக்க வேண்டும்.

அந்த வேறு வழிதான் மூன்றாவது முறை: ஒரு பகுதியை வாசித்து, நூலை மூடி, நினைவில் நிற்பதைச் சொல்லியோ எழுதியோ பார்த்து, பிறகு நூலைத் திறந்து விட்டுப்போனதைச் சரிபார்ப்பது. இரு பாடத்திட்டங்களிலும் பத்தாம் வகுப்பில் வரும் மனித இதயத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். திரும்ப வாசிக்கும் மாணவர் ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள், தமனி, சிரை என்ற சொற்களை நான்கு முறை கடந்து செல்வார். நூலை மூடிய மாணவர் ஒரு வெற்றுத்தாளில் நான்கு அறைகளை வரைந்து, உடலிலிருந்து திரும்பும் இரத்தம் முதலில் எந்த அறைக்கு வருகிறது என்று தன்னையே கேட்டுக்கொள்வார். வலது ஆரிக்கிள். அங்கிருந்து வலது வெண்ட்ரிக்கிள், அதன்பின் நுரையீரல் தமனி வழியாக நுரையீரல். இந்த இடத்தில் பலர் நின்றுவிடுவார்கள், ஏனென்றால் தமனி ஆக்ஸிஜன் மிகுந்த இரத்தத்தைத்தான் கொண்டுசெல்லும் என்று முன்பு படித்திருப்பார்கள். நுரையீரல் தமனி அதற்கு விலக்கு. அந்தத் தயக்கம் மிகவும் பயனுள்ளது. எங்கே தடுக்கியது என்று தெரிந்துகொண்டு நூலைத் திறப்பவர், தேவையான அந்த இரண்டு வரிகளைத் தேடி வாசிப்பார், அவை மறக்காது. அடுத்து நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி என்று சுற்றை முடித்தபின், இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் ஏன் தடித்திருக்கிறது என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். அது இரத்தத்தை உடல் முழுவதும் தள்ள வேண்டும், வலது வெண்ட்ரிக்கிளோ பக்கத்தில் உள்ள நுரையீரல் வரைதான் தள்ள வேண்டும் என்ற காரணம் புரிந்துவிட்டால், தடிமனைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இந்த முறை கடினமாக இருக்கும், முதல் சில நாட்கள் மனம் சோர்ந்தும் போகும். பாதிகூட நினைவுக்கு வராத தாளைப் பார்க்கும் பிள்ளை, தனக்குப் படிப்பு வரவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடும். அந்தக் கட்டத்தில் ஆசிரியரோ பெற்றோரோ பக்கத்தில் இருந்து, தடுக்கி நின்று யோசிப்பதும் படிப்பின் ஒரு பகுதிதான் என்று சொல்ல வேண்டியது மிக அவசியம்.

கேள்விகளை எங்கிருந்து எடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சிஸ் ராபின்சன் 1946-இல் ஐந்து படிகள் கொண்ட ஒரு முறையை முன்வைத்தார்: முதலில் பாடத்தை மேலோட்டமாகப் பார்த்தல், தலைப்புகளைக் கேள்விகளாக மாற்றுதல், விடை தேடி வாசித்தல், பார்க்காமல் சொல்லிப் பார்த்தல், மீள்பார்வை. நம் பாடநூல்கள் இதற்கு வசதியாகவே அமைந்துள்ளன. தமிழ்நாட்டின் அறிவியல் நூலில் பாடத்தின் தொடக்கத்தில் கற்றல் நோக்கங்களும், இறுதியில் 'நினைவில் கொள்க' பகுதியும், அதன்பின் மதிப்பீட்டு வினாக்களும் உள்ளன. என்.சி.இ.ஆர்.டி. அறிவியல் நூலில் பாடத்தின் நடுவிலேயே வினாக்கள் வருகின்றன. இறுதியில் உள்ள வினாக்களை வாசிப்பதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிட்டுப் பாடத்துக்குள் நுழைபவருக்கு, எதைத் தேடி வாசிக்கிறோம் என்பது தெளிவாக இருக்கும். ஐந்து படிகளையும் எல்லாப் பாடங்களுக்கும் செய்ய நேரம் போதாது. நேரம் குறைந்தால் மேலோட்டப் பார்வையைச் சுருக்கலாம், வாசிப்பைக்கூடச் சுருக்கலாம். பார்க்காமல் சொல்லும் நான்காவது படியை மட்டும் விடக் கூடாது.

குறிப்பெடுப்பதும் வரைபடமாக எழுதுவதும் அடுத்த தேர்வு. அழகான கையெழுத்தில் நான்கு வண்ணப் பேனாவில் நோட்டு நிரப்பும் மாணவிகளின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் நூலைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதும் குறிப்பு பெரும்பாலும் படியெடுப்பாகவே முடிகிறது. கார்ப்பிக்கும் ஜேனல் பிளன்ட்டும் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நூலைப் பார்த்துக் கருத்துப்படம் (கருத்துகளைக் கட்டங்களில் எழுதிக் கோடுகளால் இணைக்கும் படம்) வரைந்தவர்களைவிட, வாசித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து மேலாகச் செய்தார்கள். நேரடியாக நூலில் இல்லாத, யோசித்து விடை காண வேண்டிய வினாக்களிலும் அப்படியே நடந்தது. எனவே வரைபடம் பிடித்தவர்கள் வரையட்டும், நூலை மூடிவிட்டு வரையட்டும். தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரியிலோ லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரியிலோ படிப்பவர்களுக்குப் பாடநூலைவிட வகுப்புக் குறிப்பே முக்கியமாக இருப்பதால், அவர்களுக்கு வால்டர் பாக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வகுத்த முறை பொருந்தும்: தாளின் இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு குறுகிய இடத்தைக் காலியாக விட்டு, வலப்பக்கம் குறிப்பு எழுதி, அன்றே இடப்பக்கத்தில் அந்தக் குறிப்புக்குரிய கேள்விகளை எழுதி, பின்னர் வலப்பக்கத்தை மறைத்துவிட்டு விடை சொல்லிப் பார்க்க வேண்டும்.

கணக்குக்கு இவற்றைவிட வேறான ஒரு தேர்வு இருக்கிறது. ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து இருபது போடுவதா, பல வகைகளைக் கலந்து போடுவதா? தெற்கு புளோரிடா பல்கலைக்கழகத்தின் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு திண்மங்களின் கன அளவைப் பற்றியது. நம் பத்தாம் வகுப்பு அளவியலுக்கு மிக நெருக்கமானது. ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். கலந்து பயின்றவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் தனித்தனியாகப் பயின்றவர்கள் 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிட, கலந்து பயின்றவர்கள் 63 விழுக்காட்டில் இருந்தார்கள். காரணம் எளிது. கூம்பின் கணக்கையே இருபது போடும்போது எந்த வாய்பாடு என்று யோசிக்கவே வேண்டியதில்லை. தேர்வில் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான். ஒரு வகைக் கணக்கைப் புதிதாகக் கற்கும் அன்று அதை வரிசையாகப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் முதல் உருளை, கூம்பு, அரைக்கோளம், கூடவே முந்தைய பாடத்து முக்கோணவியலிலிருந்து ஒன்று என்று கலந்து போடுவது நல்லது.

இடைவெளி பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பகுதியின் பருவநிலை அதில் குறுக்கிடுகிறது. நிக்கலஸ் செபீடாவும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தேர்வு ஒரு வாரத்தில் என்றால் ஒரு நாள் இடைவெளியிலும், ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக இருந்தால் பத்து நாள் அளவிலும், இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் மூன்று வாரம் அளவிலும் மீண்டும் படிப்பதே அதிக நினைவைத் தருகிறது. ஆகஸ்டில் படித்த பாடத்தைக் காலாண்டுக்கு முன் ஒருமுறையும், அக்டோபரில் ஒருமுறையும், அரையாண்டுக்கு முன் ஒருமுறையும் பார்க்காமல் சொல்லிப் பார்த்தால், மார்ச்சில் அது புதிய பாடமாகத் தோன்றாது. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. புயல் இல்லாத ஆண்டிலும் மழை விடுமுறைகள் வரத்தான் செய்கின்றன, மின்சாரமும் நின்றுவிடுகிறது. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களையே நம்பி மொத்தப் பாடத்தையும் ஒத்திவைக்கும் மாணவர்தான் அப்போது அதிகம் தவிக்கிறார். அதனால் கடற்கரை மாவட்டத்துப் பிள்ளைகள் அக்டோபர் நடுவிலேயே முதல் சுற்று மீள்பார்வையை முடித்துவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. வெள்ளம் வீட்டுக்குள் வராதவரை மழை விடுமுறை நாட்கள் சொல்லிப் பார்ப்பதற்கு மிகவும் பொருத்தமானவை. அதற்கு விளக்கும் கைப்பேசியும் தேவையில்லை.

கைடா, பாடநூலா என்ற கேள்வியில் முள்ளோடைக்கு இரு பக்கமும் விடை சற்று வேறுபடுகிறது. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பாடத்தின் பின்னுள்ள வினாக்களுக்கு உள்ள முக்கியத்துவத்தால் கைடுக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் நூலின் உட்பகுதியிலிருந்தும் ஒரு மதிப்பெண் வினாக்கள் வருகின்றன, அவற்றுக்கு நூலைத்தான் நாட வேண்டும். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் 2023-24 முதல் வினாத்தாளின் பாதி மதிப்பெண்கள் திறன் அடிப்படையிலான வினாக்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு சூழலையோ அட்டவணையையோ கொடுத்து அதிலிருந்து கேட்கும் இத்தகைய வினாக்களுக்கு ஆயத்த விடைகள் மிகக் குறைவாகவே உதவும். இரு தரப்புக்கும் என் பரிந்துரை ஒன்றுதான்: கைடை விடைத்தாள் திருத்தும் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்களே விடை எழுதுங்கள், பிறகு கைடைத் திறந்து எந்தக் கருத்து விட்டுப்போனது என்று பாருங்கள். தேர்ச்சி மதிப்பெண்ணே கடினமாக இருக்கும் பிள்ளைக்கு, பள்ளியில் தரும் குறைந்தபட்சக் கையேட்டிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. அதையும் பார்க்காமல் எழுதிப் பார்க்க வேண்டும்.

நண்பர்களோடு சேர்ந்து படிப்பது, ஒருவர் நூலைப் பிடித்துக் கேட்க மற்றவர் சொல்வது என்று நடந்தால் நன்று. ஒரே அறையில் அமர்ந்து அவரவர் வாசிப்பதானால் அதில் தனிப்பயன் இல்லை. காணொளிப் பாடம் புரியாததைப் புரிந்துகொள்ள உதவும். பார்த்து முடித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதே விளக்கத்தைத் தாளில் எழுதாவிட்டால் அதுவும் திரும்ப வாசித்தலின் இன்னொரு வடிவமாகிவிடும்.

தேர்வுக்கு மாதங்கள் இருக்கும் மாணவர், கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தைப் புதிய பாடத்தை வாசிப்பதற்கும், மீதியை மூடிவைத்துச் சொல்வதற்கும் பழைய பாடங்களைச் சோதிப்பதற்கும் கொடுக்கலாம். தேர்வுக்குப் பத்தே நாள் இருக்கிறது, பாதிப் பாடம் தொடவே இல்லை என்ற நிலையில் உள்ளவர் எல்லாப் பாடத்தையும் ஒருமுறை வாசித்துவிட ஆசைப்படுவார். அதைவிட, படித்த பாதியை எழுதிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, மீதியில் எளியவற்றை மட்டும் சேர்த்துக்கொள்வது மதிப்பெண்ணுக்கும் மன அமைதிக்கும் நல்லது. மறுநாள் காலையிலேயே தேர்வு என்றால் மட்டும் திரும்ப வாசித்தல் மற்ற முறைகளுக்கு ஈடாக நிற்கும், அந்த ஓர் இரவுக்கு.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையின் பாடம் தங்களுக்குத் தெரியாது என்று ஒதுங்கிவிடும் பெற்றோர் இங்கே நிறைய இருக்கிறார்கள். சொல்லிப் பார்க்கும் முறையில் அவர்களுக்கும் இடம் உண்டு. நூலை அம்மா வாங்கி வைத்துக்கொண்டு, 'இன்னிக்கு என்ன படிச்சே, எனக்குப் புரியிற மாதிரி தமிழ்ல சொல்லு' என்று கேட்டால் போதும். பிள்ளை தன் மொழியில் விளக்கும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது பாடம் தெரியாதவருக்கும் தெரிந்துவிடும். அந்த இடத்தில் நூலைத் திருப்பிக் கொடுத்து, அந்தப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி சொல்லும்படி கேட்கலாம்.